சேதுபதியின் இருதயம்

“இருதயத்தில ஒரு பிழையும் இல்லை. குதிரை மாதிரி இருக்கிறீங்கள்” என்றார் டாக்டர் குலசிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர்.

சேதுபதிக்குத் தலையில் இடி விழுந்தது.

“நல்லாப் பாருங்க டாக்டர். ராத்திரி படுத்தா நெஞ்சு பத்தி எரியுது லா.”

நாலு மாதமாக அந்த எரிச்சலை வைத்துத்தான் அவர் வீட்டில் ராஜாவாக இருந்தார். இருதயக் கோளாறு என்று தானே முடிவுகட்டி, சிராங்கூன் ரோடு முழுக்கச் சொல்லியாயிற்று. அன்றிலிருந்து குழாயடியில் தண்ணீர் பிடிப்பதில்லை. தேக்கா மார்க்கெட்டுக்குப் பை தூக்குவதில்லை. கள்ளுக்கடைக்குப் போய்வந்தாலும் மனைவி கண்மணி வாய் திறப்பதில்லை. “இருதயக்காரரு, திட்டினா ஏதாவது ஆயிடும்” என்று பக்கத்து வீட்டு ரத்தினம்மாவிடம் அழுதுவிட்டு, அவருக்கு இன்னொரு தோசை வார்ப்பாள். இத்தனை சுகமும் ஒரு எக்ஸ்ரே படத்தில் போய்விடுமா?

டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

“வெள்ளையா ஒண்டு குடிக்கத் தந்து, மேசையில தலைகீழாச் சாய்ச்சுப் படம் எடுத்தவை அல்லோ? இது உங்கட இரைப்பை. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவில தடுப்பு மாதிரி ஒரு தசை இருக்கு. அதில இருக்கிற ஓட்டை பெருத்துப் போச்சு. இரைப்பை அதுக்குள்ளால மேல எட்டிப் பார்க்குது. அதால அமிலம் தொண்டைக்கு ஏறுது. எரியிறது அதுதான். ஹையாட்டஸ் ஹெர்னியா எண்டு பேர்.”

பேர் நீளமாக இருந்ததில் சேதுபதிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“பெரிய வியாதிதானே டாக்டர்?” என்றார் ஆவலோடு.

“சீச்சீ. சாப்பிட்ட உடன படுக்க வேண்டாம். கட்டில் தலைமாட்டில செங்கல் வைச்சு உயர்த்துங்கோ. குனிஞ்சு பாரம் தூக்கக் கூடாது. கள்ளு கூடவே கூடாது.”

கடைசி வாக்கியம் சேதுபதியின் காதில் ஏறவில்லை. குனியக் கூடாதாம்! பாரம் தூக்கக் கூடாதாம்! டாக்டர் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. குனியக் கூடாதே என்று விட்டுவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி பக்கம் திரும்பினார். “கேட்டியா கண்மணி? வாளி, பை எதையும் நான் தொடவே கூடாது.”

கண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாலு மாதத்தில் இன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்க்கிறார். பாவம், நிஜமாகவே பயந்துதான் போயிருக்கிறாள் என்று சேதுபதிக்கே ஒரு மாதிரி இருந்தது.

“டாக்டர், இவரு நடக்கலாமா?” என்றாள் அவள்.

“ஓம், தாராளமா. நடக்கிறது நல்லம்.”

“வெறுங்காலோட?”

“அதுக்கென்ன? வயித்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?”

“அப்பாடா!” கண்மணி கையெடுத்துக் கும்பிட்டாள். “பொம்பளைங்கள குழியில இறங்க விட மாட்டாங்களே டாக்டர். அதான், இருதயத்துல ஒண்ணுமில்லன்னு வந்துட்டா ஐப்பசியில இவரே தீ மிதிப்பாருன்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்!”