இனிமேல் போட்டி இல்லை

ஜங்லிகாட் கடைத்தெருவில் எதிரெதிரே ஸ்டுடியோ நடத்தி, ஏழு வருடம் ஒருவர் பிழைப்பில் ஒருவர் மண் அள்ளிப் போட்ட டெர்வினும் கேத்தரினும், சர்ச் ஆபீசில் ஃபாதர் முன்னால் உட்கார்ந்து ஒரு கல்யாணத்துக்குப் படமெடுக்கும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

“தாலி கட்டுறதை நான் எடுக்கிறேன். உங்களுக்குக் கை ஆடும், சார்.”

“எடுங்க மேடம். தலையும் ஃப்ரேமுக்குள்ள வந்தா சரி. மோதிரம் மாத்துறதை நான் எடுத்துக்கிறேன். வெளி ஆளு யாராச்சும் வேணுமா?”

“சேச்சே! நம்மளை விட்டா இந்தத் தீவுல வேற யாரு இருக்கா?”

கேத்தரினுக்குப் புல்லரித்தது. உலகமே பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒற்றுமை!

கல்யாண ரிஜிஸ்டரை விரித்து வைத்திருந்த ஃபாதர், பேனாவை மூடினார்.

“டீக் ஹை, சரிதான். நீங்க ரெண்டு பேருமே கேமராவைத் தூக்கிட்டா, மாப்பிள்ளை பொண்ணுன்னு நான் யாரை நிக்க வைக்கிறது?”