டப்பாவில் சேர்த்த மாலைப்பொழுதுகள்

ஞாயிறு மத்தியானம். நான்கு அடுப்பும் எரிகின்றன. சமையலறைச் சன்னல் வியர்த்து, வெளியே தெருவே தெரியவில்லை. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள், வாரம் முழுதுக்குமான சாப்பாட்டை இன்றே சமைத்து ஆறவைக்கிறாள். பருப்பு, கோழிக்கறி, வதக்கிய காய் என்று நிரப்பி, ஒவ்வொரு டப்பாவின் மூடியையும் உள்ளங்கையால் அழுத்துகிறாள். ஒரு டப்பா மூடினால் அவளுக்கு ஒரு மாலை மிச்சம். அந்த மாலைகளில் கார் ஓட்டப் பழகப்போகிறாள். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தும் ஆயிற்று. கூடத்தில் கணவன் தன் அக்காவோடு போனில் பேசுகிறான். அடுத்தவர் நேரமென்றால் அவன் பேரமே பேசுவதில்லை; கேட்குமுன்பே பொட்டலமாய்க் கட்டிக் கொடுத்துவிடுகிறான்.

“நீ ஏன்க்கா கவலப்படுற? பசங்கள சாயங்காலம் இங்க அனுப்பு, இவ பாடம் சொல்லிக் குடுப்பா. சமையல்தான் முடிஞ்சுதே, வாரம் பூரா சும்மாதான இருக்கப்போறா!”

கரண்டி பாதி வழியில் நிற்கிறது. “என்னங்க, எனக்கு டிரைவிங் கிளாஸ் இருக்குன்னு சொன்னேன்ல?”

அவன் போனைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறான். “அது எங்க ஓடிப்போகுது? கார்தான் தினம் நான் எடுத்துட்டுப் போயிடுறேனே, கத்துக்கிட்டு எத ஓட்டப்போற?”

அவள் ஃப்ரீசர் கதவைத் திறக்கிறாள். வெள்ளைக் குளிர் புகைபோல இறங்கி முகத்தில் படிகிறது. டப்பாக்களைக் கையில் அடுக்கிப் பிடித்தபடி, உள்ளே வைக்காமல் அப்படியே நிற்கிறாள். ஃப்ரீசர் கீச்கீச்சென்று கத்தத் தொடங்குகிறது.

“கதவ மூடும்மா, குளிரெல்லாம் வெளிய போகுது பாரு!”

“அதாச்சும் வெளிய போகட்டும்” என்கிறாள்.