இறுக்கிய மூடி

சிட்லபாக்கம் ஏரியைத் தாண்டி வரும் சாயங்கால வெயில் சமையலறை அலமாரியில் விழுகிறது. போன மாதம் நிமோனியாவில் இறந்துபோன மனைவி தபீதாளின் மருந்துகளை வில்பிரட் ஒதுக்கிக்கொண்டிருக்கிறான். முடக்குவாதத்துக்கு டாக்டர் எழுதிய மாத்திரைக் கவர் காலி. கூடவே சாப்பிடச் சொன்ன மீன் எண்ணெய் மாத்திரைப் புட்டி மட்டும் பாதிகூடக் குறையவில்லை. ஏன் போடவில்லை என்று எத்தனை தடவை கடிந்திருப்பான். "கவிச்சி அடிக்குதுங்க" என்று சொல்லி, வீங்கிய விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். மதிலில் படர்ந்திருக்கும் முடக்கத்தான் கீரையைப் பறித்துக்கொண்டிருக்கிறாள் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள். அவளுக்கும் இப்போது கை மூட்டுகளில் வலி தொடங்கியிருக்கிறது. ஜன்னல் வழியே புட்டியை அவளிடம் நீட்டுகிறான். "மூடியத் தொறந்து குடு சார். இதத் தொறக்கத்தான் தபீதா என்னாண்ட எடுத்துகினு வரும். நான்தான் வாரத்துல பாதி நாளு பொண்ணு வூட்டுக்குப் பூடுவேனே, அன்னிக்கெல்லாம் மாத்திரை கெடையாது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா."

"நானும் அதான் சொன்னேன். ரயிலுக்கு ஓடுற மனுசனுக்கு இது வேற எதுக்கு பேஜாருன்னு சிரிச்சிச்சு."

எறும்பு ஏறக் கூடாதென்று தினமும் வேலைக்குப் புறப்படும்போது அந்த மூடியை அழுத்தித் திருகிவிட்டுப் போனவன் அவன்தான். இப்போது அவன் கைக்கே அது அசைய மறுக்கிறது. சட்டை நுனியால் பற்றித் திருகியதும் படக்கென்று கழல்கிறது. முகர்ந்து பார்க்கிறான். கவிச்சி எதுவும் இல்லை. மூடியைத் திருகாமல், புட்டியின் மேல் சும்மா வைத்து, கிளியம்மாளிடம் கொடுக்கிறான்.