இடுப்பளவு

"தலையை ஆட்டாத தங்கம், கண்ணுல வழிஞ்சிடும்" என்று என் மோவாயைப் பிடித்து நேராக்கினார் என் வீட்டுக்காரர்.

கொல்லையில் நான் மணையில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் முக்காலியில் அவர். பக்கத்தில் ஒரு சட்டியில் செம்பருத்தி இலையும் சோற்றுக்கற்றாழையும் சேர்த்து அரைத்த விழுது, வழவழவென்று.

வேலிக்கு அந்தப் பக்கம் ரெங்கம்மாள் அக்கா துணி காயப்போடுகிற சாக்கில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகப் பார்க்கட்டும். இந்த ஊரில் வேறு எந்த ஆம்பிளை பெண்டாட்டிக்குத் தலை அலசிவிடுகிறான்?

என் முடி லேசில் தேறுகிற ரகம் இல்லை. நூல் மாதிரி மெலிசு, போதாததற்கு வறட்சி. டைபாய்டில் கொட்டியது போக மிஞ்சியது எலிவால்தான். விளக்கெண்ணெய் வைத்தால் மண்டையோடு அப்பிக்கொள்ளும். சீயக்காய் போட்டால் வைக்கோலாகிவிடும்.

நான் கைவிட்டுவிட்டேன். அவர் விடவில்லை.

ஜெயிலிலிருந்து வந்த வாரமே ஆரம்பித்துவிட்டார். எங்கள் குத்தகை வயலைப் பிடுங்குவதற்காக மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியபோது நடந்த கைகலப்பில், கேஸ் இவர் மேல் விழுந்தது. இவர் யாரையும் அடிக்கவில்லை. முன்னால் நின்று பேசினார், அவ்வளவுதான். நம்ம ஆட்சி வந்தாச்சு, இனி எவன் கைவைப்பான் என்று அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதரைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விடுதலையாகி வந்தவர், திரும்பக் கிடைத்த வயலை ஒரு கண்ணாலும் என் தலையை ஒரு கண்ணாலும் கவனித்தார்.

சீயக்காயை வடிகஞ்சியில் குழைத்தார். உச்சந்தலையில் எண்ணெய் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னார். ஈரம் காய்வதற்குள் சொட்டு நல்லெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனிக்கு மட்டும் தடவினார்.

"தலைமடையில எவ்வளவு பாய்ச்சினாலும் கடைமடைக்கு வந்து சேராது. காயறது அங்கதானே? நேரா அங்க குடுக்கணும்."

மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை அது. காய்ப்பில் முடி மாட்டி அறுந்துவிடக் கூடாதென்று முதலில் தன் கைக்குக் கற்றாழையைப் பூசிக்கொள்வார். சிக்கு எடுக்கும்போது மட்டும் அவருக்கு எங்கிருந்துதான் அத்தனை பொறுமை வருமோ தெரியாது. கட்டிக்கொண்டால் இப்படி ஒருத்தரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று என்னை நானே மெச்சிக்கொள்வேன்.

இந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வேன்?

அவர் உள்ளே இருந்தபோது, காய்ச்சல் தணிந்தும் தணியாமலும் புன்னைநல்லூர் மாரியம்மன் முன்னால் போய் நின்றேன். அவரை வெளியே அனுப்பிவிடு, முடி தருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எலிவாலைக் கொடுப்பதற்கு வெட்கமாக இருந்ததால், இடுப்பளவு வளர்த்துத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரரோ கறுப்புச் சட்டைக்காரர். எங்கள் கல்யாணத்துக்கு ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. மேடையும் மைக்கும்தான். வாங்குற முடியை வச்சுக்கிட்டு ஒங்க சாமி என்ன சவுரியா கட்டப்போவுது என்று கூட்டத்தில் கேட்டு ஊரைச் சிரிக்கவைப்பவர். அவர் பார்த்துப் பார்த்து வளர்த்ததைக் கொண்டுபோய் அந்த அம்மனுக்கே நான் கொடுக்க வேண்டும்.

சொன்னால் அவர் முகம் செத்துவிடும். சொல்லாவிட்டால் அம்மனுக்கு என்ன பதில்? முடி ஒவ்வொரு விரற்கடை இறங்கும்போதும், இடுப்புக்கு இன்னும் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமல் அளந்து பார்த்துக்கொள்வேன்.

விழுதை அலசிவிட்டுப் பழைய வேட்டியால் ஒற்றி எடுத்தார். முதுகில் நீளமாக வாரிவிட்டார். ஒரு கற்றையை இழுத்துப் பிடித்தபோது அவர் விரல் என் இடுப்பில் பட்டது.

"வந்துடுச்சு" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

இனிமேலும் தள்ள முடியாது. "ஏங்க, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கெளம்பிடுவோம். புன்னைநல்லூர்ல நான் வெளிய டீக்கடையில இருக்கேன். நீ மட்டும் உள்ள போயி குடுத்துட்டு வந்துடு."

நான் திரும்பினேன். அவர் என் தலையை மெல்ல முன்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

"நான் ஜெயில்லேர்ந்து வந்த நாளா தூக்கத்துல ஒங்க அம்மன்கிட்ட, இன்னும் இடுப்புக்கு வரலைன்னு தவணை கேட்டுப் பொலம்புறியே, எனக்கு எப்படித் தெரியாமப் போவும்? அவ மேல எனக்கு நம்பிக்கை கெடையாது தங்கம். ஆனா நீ குடுத்த வார்த்தை இந்த வீட்டு வார்த்தை."

அப்படியானால் இத்தனை நாளும் இவர் எனக்காக முடி வளர்க்கவில்லை. அழுகையும் சிரிப்புமாக வந்தது. ரெங்கம்மாள் அக்கா துணியை விட்டுவிட்டு வேலியருகே வந்துவிட்டாள்.

பின்னால் எண்ணெய்ச் சீசாவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமை போவப்போற முடிக்கு இன்னும் எதுக்குங்க எண்ணெ?"

"குடுக்குறத நல்லதா குடுப்போம்" என்றார் அவர்.