நசுங்கிய பீப்பாய்

காயலான் கடையில் கிடந்த பீர் பீப்பாய்க்கு இருப்பே கொள்ளவில்லை. “சாராயம் காய்ச்சுறவன்தான் என்னை வாங்கணும்” என்று பக்கத்திலிருந்த பால் கேனிடம் ஓயாமல் சொல்லும்.

டீக்கடைக்காரர் தண்ணீர் பிடித்து வைக்க அதை விலை கேட்டார். பீப்பாய் உருண்டுபோய்க் கல்லில் மோதி நசுங்கிக்கொண்டது. அவர் போய்விட்டார். அடுப்பு செய்ய ஒரு சமையல்காரர் கேட்டார். மறுபடியும் மோதிக்கொண்டது.

கடைசியில், வீட்டிலேயே சாராயம் காய்ச்ச மலிவான பாத்திரம் தேடி ஒருவன் வந்தான். பீப்பாய் நசுங்காத பக்கத்தைக் காட்டி நின்றது. பழைய சாமான் வாங்க வந்தவன் சும்மா விடுவானா? உருட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். பிறகு பால் கேனைத் தூக்கித் தோளில் வைத்தான்.

போகிற போக்கில் பால் கேன் கேட்டது: “அண்ணே, சாராயம் சாராயம்னு சொல்வீங்களே, அது பசும்பாலா, எருமைப்பாலா?”