கிளையின் நடுவிடம்

புயலில் புளியமரம் விழுந்தபோது தவிட்டுக்குருவி ஒன்று தன் குஞ்சுகளைப் பறிகொடுத்தது. அன்றிலிருந்து அது வாயே திறக்கவில்லை.

எதிரே இருந்த வேம்பில், அதன் கூட்டம் தினமும் சாயங்காலம் அதைக் கிளையின் நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தது. ஓரத்தில் இருந்தவை வாடைக்காற்றில் நடுங்கின. ஆனாலும் நடுவிடத்தை யாரும் கேட்கவில்லை.

மேல்கிளையில் தனியே இருந்த மைனாவுக்கு வியப்பு தாங்கவில்லை. "அவளுக்கு அப்படி என்னதான் ஆறுதல் சொல்றீங்க?"

"ஒண்ணும் சொல்றதில்ல. இடம் விடுறோம்."

ஒன்பதாம் நாள் அந்தக் குருவி தானாகவே எழுந்து ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தது. மைனா மலைத்துப்போனது. "அப்ப நடுவுல இனி யாரு?"

புயலுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் குருவி பேசியது.

"உன் பொந்தும் அந்தப் புளியமரத்துலதானே இருந்துச்சு. இறங்கி வா."