நொட்டாங்கை மவுஸ்

“சோத்துக்கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க பாய். இது வேணாம்.”

ராமநாதபுரம் கம்ப்யூட்டர் கடையில் நின்று பூமிநாதன் இப்படிச் சொன்னதும், மகள் துர்காதேவிக்கு உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. ஆடப்போவது அவள். காசும் அவள் டியூஷன் எடுத்துச் சேர்த்தது. இவரை யார் கேட்டது? இடக்கை மவுஸ் வந்துவிட்டதென்று கடையிலிருந்து வந்த போன் இவர் காதில் விழுந்தது, கமுதியிலிருந்து கூடவே கிளம்பிவிட்டார்.

கடைக்காரர் ஷாகிர் பொறுமையாகத்தான் விளக்கினார். இது இடது கைக்கென்றே வளைத்துச் செய்தது, தங்கச்சி கேட்டுச் சென்னையிலிருந்து வரவழைத்தது, பெருவிரல் பக்கம் ஆறு பட்டன், ஒவ்வொன்றையும் வேண்டிய வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை மதுரையில் கேமிங் போட்டி. வலக்கை மவுஸோடு மல்லுக்கட்டி இரண்டு ஆட்டம் தோற்றாயிற்று. இதிலும் தோற்றால் காலேஜ் டீமில் அவளுக்கு இடமில்லை.

பூமிநாதன் காதில் எதுவும் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை நயினார்கோவிலிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இதைப் பிடித்துப் பழகினால் காபித் தட்டையும் நொட்டாங்கையில்தான் நீட்டுவாள், வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி பொரிந்து தள்ளினார்.

துர்காதேவி பல்லைக் கடித்தாள். மூன்றாம் வகுப்பில் அந்தக் கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டி எழுதவைத்த மனிதர் இவர். மிளகாய் விதைக்கும் நாளில் விதை வைத்த ஓலைக் கொட்டானைக்கூட அவளைத் தொட விட்டதில்லை. பதினைந்து வருஷம் பொறுத்தது போதாதா?

“எனக்கு இந்தக் கைதான்யா வருது. கட்டிப்போட்டாலும் இதுதான் வரும். சோத்துக்கைக்காரருக்கு அந்தக் கஷ்டம் எங்க தெரியப்போகுது?” என்றவள், மவுஸை வெடுக்கென்று இடது கையில் எடுத்தாள்.

பூமிநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. பெற்ற மகள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. இன்று, வந்த ஆத்திரத்தில், ஓங்கிவிட்டார்.

அடி விழுந்தால் விழட்டும் என்று துர்காதேவி நகராமல் நின்றாள். நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தாள். அவரும் அப்போதுதான் பார்த்தார்.

ஓங்கியிருந்தது நொட்டாங்கை.

“என்னப் பெத்த அய்யா சின்னதுல இந்தக் கையில சூடே வச்சுப் பார்த்தாரு பாய், அப்பயும் போகல,” என்று முனகியவர், அந்தக் கையாலேயே மவுஸ் பெட்டியை ஷாகிர் பக்கம் தள்ளி, பில் போடச் சொன்னார்.